ஜேமர்சன் மாதிரி பேஸ் சத்தம் வர எந்த பிளகின் வாங்கலாம்?

கேள்வி இது: "பேஸ் கிட்டார் கலைஞர்கள் ஜேம்ஸ் ஜேமர்சன், ஜாக்கோ பஸ்டோரியஸ் இருவர் மீதும் எனக்குப் பைத்தியம். வீட்டில் ரீப்பர் மென்பொருளில் பதிவு செய்கிறேன். என் பேஸ் மட்டும் மெலிந்து, கம்பி உரசுகிற மாதிரி கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு எந்த பிளகின் வாங்குவது?"

பிளகின், அதாவது பதிவு மென்பொருளோடு சேர்க்கும் ஒலி நிரல், எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு, மேல்சுற்று தட்டையாக இருக்கும் ஃப்ளாட்வவுண்ட் கம்பி ஒரு செட் வாங்குங்கள்.

உங்களிடம் இருப்பது நான்கு கம்பி பேஸ், அதில் கடையிலிருந்து வந்த, மேல்சுற்று உருண்டையான ரவுண்ட்வவுண்ட் கம்பிதான் இன்னும் கிடக்கிறது, கூடவே பேஸைக் கணினியோடு இணைக்கும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் ஹெட்போனும் உண்டு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பேஸ் கேள்விகளில் பத்துக்கு எட்டு இந்த நிலையில் இருப்பவர்களுடையதுதான்.

முதலில் ஜேமர்சன். அமெரிக்காவின் டெட்ராயிட்டில் மோட்டவுன் இசை நிறுவன ஸ்டூடியோவின் ஃபங்க் பிரதர்ஸ் குழுவில் அவர் வாசித்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட், தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 52இல் தொடங்கி 110 வரை போகும் செட். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸில் பழகிய விரல் அது. அங்கே பேஸ் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயருக்கு முன் மைக் வைத்துப் பிடிக்கப்படவில்லை, நேராக மிக்ஸிங் மேசைக்குள் போனது. யோசித்துப் பாருங்கள்: நேரடிப் பதிவு என்றால் உங்கள் இன்டர்ஃபேஸ் செய்யும் அதே வேலைதான். அந்த மேசையின் வால்வும் டேப்பும் கொஞ்சம் சேர்த்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டு மயங்கும் அந்தத் 'தும்' கம்பி, ஸ்பாஞ்ச், விரல் மூன்றிலும் பிறந்தது. கணினி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கம்பியை மாற்றும்போது கவனம் வேண்டும். தடித்த ஃப்ளாட்வவுண்ட் அதிக இழுவை கொண்டது. கழுத்தை முன்னால் வளைக்கும். 110 கம்பி, 105க்கு வெட்டிய நட் (கழுத்து நுனியில் கம்பி உட்காரும் துண்டு) பள்ளத்தில் உட்காராமல் மேலே நிற்கும், முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சுருதி ஏறிவிடும். அதனால் முதல் முறைக்கு 45 முதல் 105 வரை உள்ள ஃப்ளாட்வவுண்ட் போதும். போட்டு ஒரு நாள் விட்டு, பெரிய கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 0.3 மி.மீ., இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பலம் போடாமல் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். இதை விட்டுவிட்டு ஆட்டோ ட்யூன் போடுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் அளவு முக்கியம். நான்கு கம்பியும் பிரிட்ஜில் ஏறக்குறைய 57 மி.மீ. அகலத்துக்குப் பரவியிருக்கும். எட்டு செ.மீ. நீளம், இரண்டரை செ.மீ. அகலத்தில் மிருதுவான ஸ்பாஞ்சை வெட்டி, சாடிலுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். பாத்திரம் தேய்ப்பதன் பச்சை முகம் ஆகாது. அது முரடு, உயர் ஒலி முழுவதையும் தின்றுவிடும். ஸ்பாஞ்ச் கம்பியைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. தூக்கினால் சுரம் ஏறிப்போகும், மேல் ஃப்ரெட்களில் வெறும் 'டொக்' மட்டும் மிஞ்சும். செருகிய பின் மறுபடி சுருதி சேருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் வாசித்த கேரல் கே வேறு வழி வைத்திருந்தார். ஃபெல்ட் துணியை மடித்துக் கம்பிகளுக்கு மேலே, பிரிட்ஜுக்கு முன்னால் ஒட்டி, பிக் என்ற மீட்டு வில்லையால் வாசித்தார். உங்களுக்கு விரலை விடப் பிக் பழக்கம் என்றால் அவர் பாதைதான் சரி. பிக்கால் வாசித்தால் பேஸ் ஆகாது என்பவர்கள் அவரைக் கேட்டதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி பதிவு. இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-இஸட்' என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் வாசிப்பதுதான் 'மெலிந்த சத்தம்' புகார்களில் பெரும்பாதிக்குக் காரணம். பேட்டரி இல்லாத பேஸின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) எதிரே 1 மெகாஓம் அளவு மின்மறுப்பு வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் சுமார் 10 கிலோஓம்தான் இருக்கும். அந்தச் சுமையில் சத்தம் மங்கிச் சுருங்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். நீங்கள் வாசிக்கும் மிக ஓங்கிய சுரம் மீட்டரில் மைனஸ் 12, மைனஸ் 10 டெசிபலுக்குள் நிற்கட்டும். சிவப்பைத் தொடும் வரை ஏற்றும் வழக்கம் டேப் காலத்தது, 24 பிட்டில் தேவையே இல்லை.

இரைச்சல் வந்தால் முதலில் அறையில் ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள், பிறகு லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். பாதி வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். பிரிசிஷன் வகை பிக்கப் இரண்டாகப் பிளந்து எதிரெதிராகச் சுற்றப்பட்டது, ஹம் (மின்சார ரீங்காரம்) தானாகக் குறையும். இரண்டு பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸில் அப்படியில்லை: இன்றைய ஜாஸ் பேஸ்களில் இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் ஹம் ஒன்றையொன்று வெட்டும். ஜாக்கோ மாதிரி பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் வரத்தான் செய்யும். நாற்காலியைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்து பாருங்கள், ஒரு திசையில் அடங்கும். அங்கேயே பதிவு செய்யுங்கள்.

ரீப்பரில் ஆடியோ டிவைஸ் பக்கத்தில் ஏசியோ டிரைவர் (கணினியும் இன்டர்ஃபேஸும் பேசிக்கொள்ளும் மென்பொருள்), பஃபர் (கணினி ஒரு தடவை வாங்கும் ஒலித் துண்டின் அளவு) 128. இது 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட் தாமதம். போகவர, டிரைவரையும் சேர்த்து 8, 10 ஆகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்ப்ளிஃபயரின் சத்தம் காதுக்கு வர 9 மில்லி செகண்ட் ஆகிறது, மேடையில் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. ஆக 128 போதும். வெடிப்புச் சத்தம் வந்தால் 256. இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் ரீப்பரின் மானிட்டரும் சேர்ந்து திறந்திருந்தால் ஒரே சத்தம் இரண்டு முறை, கொஞ்சம் விலகிக் கேட்கும். பேஸ் வெற்றுக் குழாய்ச் சத்தமாகிவிடும். ஒன்றை மூடுங்கள்.

ஈக்யூவுக்கு, அதாவது அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்க, ரீப்பரோடு வரும் ரீஈக்யூ போதும். திறந்த ஈ கம்பியின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ். அதனால் கீழொலியை வெட்டும் ஹை பாஸை 30இல் வையுங்கள். ஐந்து கம்பி பேஸ் என்றால் பி கம்பி 31 ஹெர்ட்ஸ், 25க்கு மேல் ஏறக்கூடாது. 250 பக்கம் 2, 3 டெசிபல் குறைத்தால் மூட்டம் விலகும். ஃப்ளாட்வவுண்டில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் இரைச்சல்தான், மேலொலியை வெட்டும் லோ பாஸ் போட்டு மூடிவிடலாம். கிக் டிரம் 60 ஹெர்ட்ஸில் பலமாக இருந்தால் பேஸை 90, 100 பக்கம் தூக்குங்கள்; கிக் மேலே இருந்தால் பேஸ் கீழே. இரண்டையும் ஒரே இடத்தில் தூக்கிவிட்டு, ஓங்கிய ஒலியை அடக்கும் கம்ப்ரஸரைத் திட்டிப் பயனில்லை.

கம்ப்ரஸரில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ரிலீஸ், அதாவது அடக்கிய ஒலியை விடுவிக்கும் நேரம். 41 ஹெர்ட்ஸ் அலை ஒரு முறை ஏறி இறங்க 24 மில்லி செகண்ட் ஆகிறது. ரிலீஸை 10, 15இல் வைத்தால் கம்ப்ரஸர் உங்கள் வாசிப்பின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அலையையும் துரத்தும். கீழ்ச் சுரங்கள் கரகரக்கும். பேஸ் கெட்டுவிட்டதோ, கேபிள் கெட்டுவிட்டதோ என்று தேடவைக்கும் கரகரப்பு இது. ரீப்பரின் கம்ப்ரஸரான ரீகாம்ப்பில் ரேஷியோ (அடக்கும் விகிதம்) 4, அட்டாக் (அடக்கத் தொடங்கும் நேரம்) 25 மில்லி செகண்ட், ரிலீஸ் 120, ஓங்கிய சுரங்களில் 4 முதல் 6 டெசிபல் குறையட்டும். அட்டாக் 5க்கும் கீழே போனால் விரல் படும் சத்தம் நசுங்கும், ஜேமர்சன் காணாமல் போய்விடுவார்.

அதன் பிறகு கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது லேசான ஒலிச் சிதைவு. மொபைல் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. ஆனால் 82, 123, 164, 206, 247 என்று அடிச் சுரத்தின் மடங்குகளாக மேலே அடுக்கும் ஹார்மானிக்குகளில் 200ஐத் தாண்டிய சில கேட்டாலே மூளை அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். சாச்சுரேஷன் அந்த அடுக்குகளைத் தூக்கிவிடுகிறது. தனியாகக் கேட்டால் 'லேசாக அழுக்கு' என்று தோன்ற வேண்டும். பாட்டோடு கேட்டால் தெரியக் கூடாது.

ஜாக்கோவுக்கு இந்த அமைப்பில் பாதி தலைகீழாகும். ஃப்ரெட்டைப் பிடுங்கிய ஜாஸ் பேஸ், படகுக்குப் பூசும் எபாக்ஸி பூசிய விரல்பலகை, ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட், பிரிட்ஜை ஒட்டி மீட்டும் விரல். ஸ்பாஞ்சுக்கு அங்கே வேலையில்லை. ஃப்ரெட் இல்லாத பேஸில் விரல் ஃப்ரெட் இருக்கவேண்டிய கோட்டுக்குப் பின்னால் அல்ல, கோட்டின் மேலேயே விழ வேண்டும். பின்னால் வைத்தால் சுரம் இறங்கிவிடும். 250ஐ வெட்டாதீர்கள், லோ பாஸ் போடாதீர்கள், 800 பக்கம் 2 டெசிபல் தூக்குங்கள். ஒரே வரியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமுமாக வைக்கலாம். அப்போது இரண்டாவது டிராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதும் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் மயிரிழை சுருதி வேறுபாட்டில் அடிச்சத்தம் வந்து வந்து மறையும்.

ரீப்பருக்கு விளம்பரம் செய்வதாக யாராவது வருவார்கள். கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் போன்ற மற்றப் பதிவு மென்பொருள் எதிலும் மேலே சொன்ன எண்கள் மாறாது. ரீப்பர் என்றதற்குக் காரணம் நீங்கள் அதை வைத்திருப்பதும், 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்க முடிவதும்தான். 'விரல்தான் எல்லாம், மென்பொருள் வீண்' என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வரி கற்றுக்கொள்ள மென்பொருளைப் போல் ஆசான் கிடையாது. பிடித்த பாட்டை டிராக்கில் போட்டு, எஃப்2 அழுத்தி, பிட்ச் இடத்தில் 12 என்று கொடுங்கள். பேஸ் ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே வந்து, முணுமுணுப்பாக இருந்தது தெளிவான மெட்டாகக் கேட்கும். வேகத்தை 0.7 ஆக்கி, வேகம் மாறினாலும் சுருதி மாறாத குறியைப் போட்டு, இரண்டு தாளவட்டத்தை லூப் செய்யுங்கள். ஜேமர்சன் திறந்த கம்பிகளை எங்கே எடுக்கிறார், இரண்டு கார்டுகளுக்கு (chord, சுரக்கூட்டு) நடுவே எந்த அரைச்சுரத்தில் கால் வைத்துத் தாண்டுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்தவற்றையும் இப்படிக் கேளுங்கள். பேஸ் வரியையும் ராஜாவே எழுதிக் கொடுப்பார் என்பது தெரிந்ததுதான். எழுதிய வரி விரலில் எப்படி உயிர் பெறுகிறது என்பது ஓர் ஆக்டேவ் மேலே கேட்டால் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறுபதுகள் முழுக்க மோட்டவுன் தட்டுகளில் ஜேமர்சன் பெயர் அச்சாகவில்லை. 1971இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் முறையாக வந்தது. 1983இல் இறந்தார், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2000இல் சேர்த்தது. நம் பக்கம் கேசட் காலத்து உறைகளில் பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் மூவருக்கு மேல் பெரும்பாலும் இடமில்லை. ரகுமானின் உறைகளில் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைப் படித்தபோதுதான் பேஸ் வாசிப்பது ஓர் ஆள் என்றே பலருக்குத் தெரிந்தது. இப்போது உறையும் போய்விட்டது, செயலியில் தேடினாலும் பெரும்பாலும் வாத்தியக்காரர் பெயர் கிடைப்பதில்லை. நீங்கள் வீட்டில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் பாட்டிலாவது டிரம்ஸ் யார், பேஸ் யார் என்று விவரக் குறிப்பில் எழுதுங்கள்.

கம்பி மாற்றியபின் பழைய ரவுண்ட்வவுண்ட் செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். துடைத்து, சுருட்டி, உறையில் வையுங்கள். ஜாக்கோ பக்கம் போகும்போது அது வேண்டியிருக்கும்.