ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வயது 26. பட்டம் பெற்று ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு துணைப்பாட நிலையத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே காத்திருக்கிறேன். வெளிநாட்டில் முழுநேர ஆங்கில ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. கொரியாவுக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒருவருக்கு எழுதினேன். ‘உங்கள் கடப்பிதழுக்கு வாய்ப்பில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவளுக்கு இன்னும் என்ன தகுதி வேண்டும்? இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சான்றிதழ் உதவுமா? ‘நிறத்தைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள், இருக்கிற வேலையை விடாதே’ என்கிறார் அம்மா.

வாசகி, ஈசூன்

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசை இருந்தால் மற்றவற்றைத் தேடிக்கொள்ளலாம்.

முதலில் கொரியா. அங்கே மொழி கற்பிக்க வருவோருக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே தரப்படுகிறது. நம் நாடு பட்டியலில் இல்லை. உங்கள் ஆங்கிலத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கடப்பிதழின் அட்டையைப் பார்த்ததோடு சரி. 1987 முதல் நம் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அப்படிப் படித்து வந்த பெண்ணைக் கேள்வியே கேட்காமல் திருப்பி அனுப்புவது அநியாயம். ஆனாலும் அந்த விதியோடு மல்லுக்கட்டி உங்கள் இருபதுகளைக் கழிக்க வேண்டாம்.

ஜப்பானைப் பாருங்கள். அதே 1987-இல் அந்நாட்டு அரசு தொடங்கிய, வெளிநாட்டினரைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க அழைத்துக்கொள்ளும் ஜெட் திட்டத்தில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் இடம் உண்டு. பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இங்குள்ள ஜப்பானியத் தூதரகம் வழக்கமாக ஆண்டின் பிற்பகுதியில் விண்ணப்பங்களை வாங்கும். தேர்வானவர்கள் அடுத்த ஆண்டு நடுவில் புறப்படுவார்கள். ஒப்பந்தம் ஓராண்டு, இரு தரப்பும் விரும்பினால் 5 ஆண்டுவரை நீட்டிக்கலாம். ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக வகுப்பு எடுக்கும் வேலை. எந்த ஊர் என்பதை முடிவு செய்வது அவர்கள். டோக்கியோவை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பேருந்து மணிக்கு ஒன்று வரும் சிற்றூராகவும் இருக்கலாம்.

அங்கே உங்களுக்குத் தமிழ் எவ்வளவு கைகொடுக்கும் என்று சொல்ல வேண்டும். ஜப்பானிய வாக்கியத்திலும் நம்முடையதைப் போலவே வினை கடைசியில் வரும்; நம் வேற்றுமை உருபுகளைப் போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதன் வரிசை அங்கேயும் அப்படியே. ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ இரண்டும் அவர்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. அங்குள்ள மாணவன் ‘தி’ போடாமல் எழுதினால் ஏன் விட்டான் என்று உங்களுக்கு உடனே புரியும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு அது வெறும் பிழை. இரு மொழிகளில் வளர்ந்ததைக் குறையாக எண்ணி எந்த நேர்காணலிலும் தயங்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, பல மொழிகளோடு வாழ்பவரின் ஆங்கிலத்துக்குரிய மதிப்பைப் பல ஆண்டுகளாக எழுதி நிலைநாட்டி வருகிறார். அவரைத் தேடிப் படியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் மலிவைத் தேட வேண்டாம். காணொளி பார்த்து, சரியான விடையைச் சொடுக்கி வாங்கும் சான்றிதழ் சில நாடுகளில் விசாவுக்கு உதவலாம். வகுப்பில் நிற்க உதவாது. ஆங்கில ஆசிரியராக விரும்புவோருக்கான கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சியைப் பாருங்கள். குறைந்தது 120 மணி நேரப் பாடம். அதில் 6 மணி நேரம் பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான மாணவர்களுக்கு நீங்களே கற்பிக்க வேண்டும். வகுப்பில் ‘புரிகிறதா?’ என்று கேட்கும் பழக்கத்தை அங்கே விடவைத்துவிடுவார்கள். அப்படிக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், நமக்கு ஒன்றும் தெரியவராது. ‘ஹி யூஸ்டு டு ஸ்மோக்’ என்று கற்பித்தால், ‘இப்போது புகைக்கிறானா? முன்பு புகைத்தானா? ஒரு தடவையா, பல தடவையா?’ என்று கேட்க வேண்டும். பதிலில் தெரிந்துவிடும், யாருக்குப் பிடிபட்டது, யாருக்கு இல்லை என்று. ஆங்கிலம் பேசத் தெரிவதும் ஆங்கிலம் கற்பிக்கத் தெரிவதும் வேறு வேறு. கட்டணம் கணிசமானதுதான்; சேர்த்து வைத்துச் செய்யுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதை நான் மறுக்கமாட்டேன். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டு, முகத்தை வைத்து ஆள் எடுக்கும் தனியார் மொழிப் பள்ளிகள் இருக்கின்றன. அதனால்தான் விதிகளை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் அரசுத் திட்டத்தை முதலில் சொன்னேன். மகள் தனியாகப் போகிறாளே என்ற கவலையும் அவர் பேச்சில் இருக்கும். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்: தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி, விடுமுறை, இடையில் திரும்பினால் என்ன ஆகும் என்பதெல்லாம். நீங்கள் அங்கே இருக்கும் காலத்தில் முதலாளி தரப்பு மத்திய சேமநிதிச் சந்தா வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அதுவரை வேலையை விட வேண்டாம். செல்டாவைப் பகுதிநேரமாகவும் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தொண்டூழியர்கள் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகள் இங்கே நடக்கின்றன, ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். சிறுபிள்ளைகளுக்குக் கற்பிப்பது போன்றதல்ல அது. கட்டடத்தில் ஏறி நிற்கும் சாரம் ஆடுகிறது என்று மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், இடுப்பில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று வந்து உட்காரும் பெரியவர்கள் அவர்கள். களைத்துப்போய் வருவார்கள். அவர்களுக்கு அடுத்த நாளே பயன்படும் ஒரு வாக்கியத்தை ஒரு மணி நேரத்தில் உங்களால் கொடுக்க முடிந்தால், எந்த ஊர் வகுப்பறையிலும் நீங்கள் நிற்கலாம்.

முகவர்கள் பற்றி ஒன்று. ‘சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அன்புடன்.