முழு கேமா, முக்கால் கேமா? டிஎல்சி பற்றி வாசகர் கேள்விகள்

கேமுக்கு ஒரு விலை, அப்புறம் டிஎல்சிக்கு, அதாவது கேமோடு சேர்த்து ஆட இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதிக்கு, தனி விலை. இதைப் பார்த்ததும் சிலருக்கு வாங்கும் ஆசையே விட்டுப்போகிறது, சிலர் இன்னும் ஆர்வமாகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். விலை நிர்ணயத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சில பதில்கள்.

கேம் வெளிவரும் முன்பே சீசன் பாஸ் (இனி வரப்போகும் டிஎல்சிகளை மொத்தமாக முன்கூட்டியே வாங்கும் சீட்டு) அறிவித்துவிடுகிறார்கள். பார்த்தாலே எரிச்சல். பேசாமல் காத்திருந்து எல்லாம் சேர்ந்த எடிஷனை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?
*– திருச்சி வாசகர்*

தனியாகக் கதை விளையாடுகிற ஆள் என்றால் தாராளமாகக் காத்திருங்கள். தி விட்சர் 3 வந்தது 2015 மே மாதம். இரண்டு எக்ஸ்பான்ஷன்களையும், அதாவது பெரிய அளவு டிஎல்சிகளையும், சேர்த்த கேம் ஆஃப் தி இயர் எடிஷன் 2016 ஆகஸ்டில் கடைக்கு வந்துவிட்டது. பதினைந்து மாதம் பொறுத்தவருக்கு எல்லாம் ஒரே பெட்டியில், அதுவும் பேட்ச் மேல் பேட்ச் போட்டுச் சரிசெய்த நிலையில் கிடைத்தது.

நிறுவனங்களுக்கு இது பெரிய தலைவலி. பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972-லேயே இதை எழுதிவிட்டார்: நீண்ட நாள் உழைக்கும் ஒரு பொருளைத் தனியொரு ஆளாக விற்கிறவனுக்குக்கூடப் போட்டி உண்டு, அது நாளைக்கு அவனே வைக்கப்போகும் குறைந்த விலை. நாளை மலிவாகும் என்று தெரிந்தவர் இன்று வாங்கமாட்டார். கேம் அச்சு அசல் அப்படிப்பட்ட பொருள். இதில் முன்கூட்டியே டிஎல்சி பட்டியலையும் நீட்டினால், 'இப்போது வாங்குவது பாதிதான், மீதி பிறகு வரும்' என்று வாங்குபவருக்கு நிறுவனமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிறது.

ஆனால் முன்கூட்டி அறிவித்தாலே ஆள் ஓடிவிடுவார்கள் என்றும் இல்லை. அதே 2015-ல் நடந்த இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் எவால்வ் வந்தது. நான்கு வேட்டைக்காரர்கள் ஒரு ராட்சசனை விரட்டும் அருமையான யோசனை. 60 டாலர் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு வேட்டைக்காரர்கள், மூன்றே ராட்சசன்கள். நான்காவது ராட்சசன் பெஹமத்துக்கு 15 டாலர் என்று வெளியீட்டுக்கு முன்பே விலை சொல்லியாகிவிட்டது. எது எந்த எடிஷனில் வரும் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் ரிவ்யூக்களில் மக்கள் கேமை விட்டுவிட்டு டிஎல்சியைத்தான் திட்டினார்கள். 2016-ல் அதை இலவச கேமாக மாற்றிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2018-ல் அந்த இலவசப் பதிப்பின் சர்வரையும் மூடிவிட்டார்கள்.

விட்சர் 3-க்கும் வெளியீட்டுக்கு முன்பே எக்ஸ்பான்ஷன் பாஸ் அறிவித்தார்கள், விலை 25 டாலர். ஆனால் பதினாறு சின்ன டிஎல்சிகளை எல்லோருக்கும் இலவசம் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். கேமைத் திறந்தால் விளையாடித் தீராத அளவுக்கு உலகம் விரிந்து கிடந்தது. பிறகு வந்த பிளட் அண்ட் வைன் எக்ஸ்பான்ஷன் அளவுக்கு நிறைவான முழு விலை கேம்களே குறைவு. கேட்ட 25 டாலரை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கூடுதல் காசு கேட்பது ஆட்டக்காரரை அவ்வளவாக உறுத்துவதில்லை. கையிலிருக்கும் கேம் முழுசுதானா என்ற சந்தேகம்தான் பர்ஸை மூடவைக்கிறது.

ஒன்று மட்டும். நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் கேமுக்குக் காத்திருப்பது சரிவராது. நீங்கள் மலிவாக வாங்கிவரும்போது அவர்கள் வேறு கேமுக்குப் போயிருப்பார்கள்.

முதலில் முழு கேமையும் செய்துவிட்டு, அதிலிருந்து வெட்டியெடுத்துத்தான் டிஎல்சியாக விற்கிறார்களாமே?
*– யாழ்ப்பாண வாசகர்*

சில இடங்களில் உண்மை. பல இடங்களில் வெளியிலிருந்து பார்க்க அப்படித் தெரிகிறது, உள்ளே நடப்பது வேறு.

ஒரு கேமில் வேலை செய்கிற எல்லோரும் ஒரே நாளில் வேலையை முடிப்பதில்லை. கதை எழுதுபவர், பாத்திரங்களை வரைபவர், மாடல் செய்பவர் எல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே முடித்துவிடுவார்கள். கடைசிக் காலம் முழுக்க பிழை திருத்துவதும், கன்சோல் நிறுவனங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிக் காத்திருப்பதும்தான். அந்த நேரத்தில் சும்மா இருக்கும் கலைஞர்களை என்ன செய்வது? வேலையை விட்டு அனுப்பவேண்டும், இல்லையென்றால் டிஎல்சியில் போடவேண்டும். இதனால்தான் கேம் வரும் அன்றே டிஎல்சியும் தயாராக நிற்கிறது.

மாஸ் எஃபெக்ட் 3-ன் 'ஃப்ரம் ஆஷஸ்' டிஎல்சி அப்படித்தான் 2012 மார்ச்சில் கேமோடு ஒரே நாளில் வந்தது, விலை 10 டாலர். கேமைச் செய்த பயோவேர் சொன்ன விளக்கமும் நான் மேலே சொன்னதுதான். ஆனால் ஆட்டக்காரர்கள் டிஸ்கைக் குடைந்து பார்த்தபோது அந்த டிஎல்சியில் விற்ற ஜாவிக் என்ற பாத்திரத்தின் கோப்புகள் கணிசமாக உள்ளேயே இருந்தன. அது யார் என்பதுதான் விஷயத்தை மோசமாக்கியது. ஜாவிக் ஒரு புரோத்தியன். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனதாக முதல் பாகத்திலிருந்து சொல்லிவந்த இனத்தில் மிஞ்சிய ஒரே ஆள். மூன்று பாகமாகப் பின்தொடர்ந்து வந்தவரிடம், கதையின் மையப் புதிருக்குச் சாட்சியான ஆளைத் தனியாக விற்றால் கோபம் வராதா? அதே விலைக்கு நான்கு துப்பாக்கிகளை விற்றிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

அதே மாதம் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் இன்னும் ஒரு படி மேலே. பன்னிரண்டு சண்டைக்காரர்கள் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கிலேயே பூட்டிக் கிடந்தார்கள், பிறகு பணம் கட்டினால் பூட்டு திறக்கும். எல்லோருடைய கேமும் ஒத்துப்போவதற்காக அப்படிச் செய்தோம் என்றது கேப்காம். தொழில்நுட்ப ரீதியில் அது நியாயமான காரணம்தான். ஆனால் டிஸ்கை வாங்கியவர் தன் பொருளுக்கே இரண்டாம் முறை காசு கட்டுவதாக உணர்ந்த பிறகு காரணம் எடுபடாது.

இரண்டரை டாலர் கொடுத்துக் குதிரைக்குக் கவசம் வாங்கினார்கள் என்று கிண்டல் செய்கிறார்களே, அது நிஜமா?
*– சேலம் வாசகர்*

நிஜம். 2006 ஏப்ரல், ஓப்ளிவியன் என்ற கேம். உலகமே சிரித்தது, சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்தது. 2025-ல் அதன் ரீமாஸ்டர் வந்தபோது டீலக்ஸ் எடிஷனில் மறுபடியும் குதிரைக் கவசம் வைத்தார்கள். நக்கலும் ஒரு சரக்காகிவிட்டது.

அலங்காரப் பொருளால் கேம் விற்பனை பெரிதாகக் குறைவதில்லை. வாங்காதவருக்கு எதுவும் குறைவதில்லையே. காசு கொடுத்தவர் ஆட்டத்தில் ஜெயிப்பார் என்ற நிலை வரும்போதுதான் சிக்கல். 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2-ல் டார்த் வேடரைத் திறக்க மணிக்கணக்கில் ஆடவேண்டியிருந்தது, ஆட்டத்தில் முன்னேற உதவும் லூட் பாக்ஸ்களோ (உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும் பரிசுப் பெட்டிகள்) காசுக்குக் கிடைத்தன. எதிர்ப்பு தாங்காமல், வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு காசு கொடுத்து வாங்கும் வசதியையே கேமை வெளியிட்ட இஏ நிறுவனம் நிறுத்திவைத்தது. சில மாதங்கள் கழித்து அது திரும்பி வந்தபோது வெறும் அலங்காரத்துக்கு மட்டும் என்று ஆகியிருந்தது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். சில லெவல்களை எடுத்துவைத்து பிறகு டிஎல்சியாக விற்கலாமா என்று எங்களுக்குள் சண்டை. உங்கள் தீர்ப்பு?
*– கோவை வாசகர்*

வேண்டாம் என்று சொன்னவர் பக்கம்தான் நான்.

கணக்கு எளிது. டிஎல்சியை வாங்கக்கூடியவர் ஏற்கெனவே உங்கள் கேமை வைத்திருப்பவர் மட்டும். அதிலும் பாதியில் நிறுத்தியவர் வாங்கமாட்டார். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ எக்ஸ்பான்ஷனுக்குள் நுழையவே ராடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளையும் வென்றிருக்கவேண்டும். மோக் இருப்பது பலர் எட்டியே பார்க்காத மூலையில். அப்படியும் 40 டாலர் விலையில் மூன்று நாளில் ஐம்பது லட்சம் பிரதிகள் போயின. அசல் கேம் கோடிக்கணக்கில் விற்றிருந்ததால் அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். உங்கள் கேம் ஐயாயிரம் பிரதி விற்றால் டிஎல்சி சில நூறுதான் போகும். அந்தச் சில நூறுக்காக முதல் ஐயாயிரத்தின் ரிவ்யூவைப் பணயம் வைக்காதீர்கள். 'சின்ன கேம், சீக்கிரம் முடிந்துவிட்டது' என்று முதல் வாரத்தில் நான்கு பேர் எழுதிவிட்டால் விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்கலாம் என்ற பட்டியலில், போட்டு வைத்திருப்பவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

அசல் கேம் சரியாக ஓடும் வரை டிஎல்சி பேச்சே எடுக்காதீர்கள். ஆர்க் என்ற கேம் 2016-ல் இன்னும் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக வெளிவராத நிலையில் இருந்தபோதே 20 டாலருக்கு ஸ்கார்ச்ட் எர்த் டிஎல்சியை விற்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 கதையும் அதேதான். 2023 அக்டோபரில் தடுமாறிக்கொண்டே வெளிவந்தது. அந்தத் தடுமாற்றம் தீராமலே 2024 மார்ச்சில் பீச் ப்ராப்பர்ட்டீஸ் என்று 10 டாலர் பேக் ஒன்றைப் போட்டார்கள். ரிவ்யூ எல்லாம் சிவப்பு. அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பேக்கையும் இலவசமாக்கினார்கள்.

இன்னொரு வழி, ஷவல் நைட் செய்தது. புதுப் புதுப் பாத்திரங்களோடு முழு அளவு கதைகளை, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவந்தார்கள். கேம் பெரிதாகப் பெரிதாக, புதிதாக வாங்குகிறவர்களுக்கு விலையை 15 டாலரிலிருந்து 25-க்கு ஏற்றினார்கள். முதலில் நம்பி வாங்கியவர் மலிவாக வாங்கிய திருப்தியில் இருப்பார், விலை ஏறப்போகிறது என்று தெரிந்தவர் காத்திருக்காமல் வாங்குவார். கோஸ் சொன்ன சிக்கலையே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள் பாருங்கள்! இதில் கஷ்டமும் உண்டு. அந்த இலவச வேலை வருடக்கணக்கில் இழுத்தது, அத்தனை நாளும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

இப்போதே ஏதாவது விற்கத்தான் வேண்டும் என்றால் பின்னணி இசையையும் ஓவியத் தொகுப்பையும் விற்கலாம். அவற்றை கேமிலிருந்து வெட்டியதாக யாரும் நினைப்பதில்லை. பிறகு டிஎல்சி வரும்போது, அதே வாரத்தில் அசல் கேமுக்குத் தள்ளுபடி போடுங்கள். பெரும்பாலும் டிஎல்சியில் வரும் காசைவிட, அந்தச் செய்தியைப் பார்த்து அசலை வாங்குகிறவர்களால் வரும் காசு அதிகமாக இருக்கும். டிஎல்சிக்கான கதவைக் கேமின் நடுவிலேயே வையுங்கள், கடைசிப் பெரிய எதிரிக்குப் பின்னால் வைக்கவேண்டாம்.

ராஜேந்திர சோழன் வருகிறார் என்பதற்காகவே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வாங்க ஆசை. வாங்கலாமா?
*– தஞ்சாவூர் வாசகர்*

வாங்கலாம். ஆனால் டிஃபினிட்டிவ் எடிஷனையும், 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா டிஎல்சியையும் சேர்த்து வாங்கவேண்டும். இரண்டும் அடிக்கடி தள்ளுபடிக்கு வரும், அவசரம் வேண்டாம். திராவிடர், வங்காளர், குர்ஜரர் என்று மூன்று புது நாகரிகங்கள் வருகின்றன, ராஜேந்திரனுக்குத் தனி கேம்பெயினே, அதாவது தனியாக ஆடும் கதைத் தொடரே உண்டு. திராவிடர்களுக்குக் குதிரைப்படை சுமார்தான், காலாட்படையும் கப்பலும்தான் பலம். உருமி சுழற்றும் வீரர்களையும் திரிசடை என்ற கப்பலையும் பார்க்கும்போது யாரோ கொஞ்சம் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

டிஎல்சி அசல் கேமை விற்றுக்கொடுப்பதற்கு உங்கள் கேள்வியே நல்ல உதாரணம். 1999-ல் பிறந்த கேம் உங்களை ஈர்க்கவில்லை, உங்கள் ஊர் ராஜா ஈர்த்தார். ஆன்லைனில் இந்த டிஎல்சி இல்லாதவரும் திராவிடரை எதிர்த்து ஆட முடியும், தான் திராவிடராக ஆட முடியாது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் துப்பாக்கிச்சுடும் கேம்களில் மேப் பேக் (புது ஆடுகளங்களின் தொகுப்பு) வாங்கியவர் ஒரு பக்கம், வாங்காதவர் ஒரு பக்கம் என்று கூட்டம் பிரிந்து, கடைசியில் இரண்டு பக்கமும் ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். டைட்டன்ஃபால் 2 புது மேப்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது அந்தப் பாடத்தால்தான்.

அசல் கேம் இலவசம் என்று சிம்ஸ் 4-ஐ இறக்கினேன். மொத்த டிஎல்சி விலையைக் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இதை யார் வாங்குகிறார்கள்?
*– சென்னை வாசகி*

மொத்தமாக யாரும் வாங்குவதில்லை. நாய், பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர் அந்த பேக்கை வாங்குவார், பண்ணை வீடு வேண்டுமென்பவர் அதை. நிறுவனம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். 2022 அக்டோபரில் அசலை இலவசமாக்கியதும் இதனால்தான், வாசலைத் திறந்துவிட்டால் கடைக்குள் வருகிறவர்கள் கூடுவார்கள் என்று. ஆனால் ஸ்டீமில் கேமின் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினால் எல்லா டிஎல்சியையும் வரிசையாகப் போட்டு, அத்தனையையும் ஒரே சொடுக்கில் கார்ட்டில் போடும் பொத்தானும் மொத்த விலையும் நிற்கும். புதிதாக வருபவரை மிரட்டி அனுப்ப அந்த ஒரு எண் போதும். பாரடாக்ஸ் நிறுவனம் இதை உணர்ந்துதான் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-க்கு மாதச் சந்தா கொண்டுவந்தது: ஒரு மாதம் கட்டி எல்லா டிஎல்சியையும் ஆடிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

டிஎல்சி வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் ஸ்டீமில் பணம் திரும்புமா?
*– மலேசிய வாசகர்*

திரும்பும். வாங்கிய 14 நாளுக்குள் கேட்கவேண்டும், டிஎல்சி வாங்கிய பிறகு அசல் கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்கவேண்டும், டிஎல்சியைச் செலவழித்தோ மாற்றியோ இருக்கக்கூடாது. முன்பே நூறு மணி நேரம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை. சீசன் பாஸுக்கும் 2024-ன் இறுதியில் விதிகளை இறுக்கினார்கள்: உள்ளே என்னென்ன வரும், எப்போது வரும் என்று விற்கும்போதே சொல்லவேண்டும். சொன்ன டிஎல்சியைக் கைவிட்டால் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.