ட்ரொண்ட்ஹைமில் சல்சா தேடும் தம்பிக்கு

முதுகலை படிக்க நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, சென்னையில் இரண்டு ஆண்டு சல்சா நடனம் கற்றேன், இங்கே ஆட இடம் உண்டா, அறைக்கும் பகுதிநேர வேலைக்கும் என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அறைக்கு மாணவர் விடுதியில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். வேலையைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

இடம் உண்டு. நான் போகும் கூடத்தில் வாரத்துக்கு ஒரு மாலை, முப்பது பேர். முதல் ஒரு மணி நேரம் வகுப்பு, பிறகு ஆட்டம். அடுத்த வாரமும் அதே முப்பது பேர்தான் வருவார்கள். இதை மறந்தவர்கள்தான் இங்கே கெட்டுப்போகிறார்கள்.

பெரிய ஊர்களில் கற்றுவந்த நம்மவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆடும் இரண்டு பெண்களை மட்டுமே அழைப்பார்கள். புதியவர்களைப் பாட்டின் நடுவிலேயே நிறுத்திப் பாடம் எடுப்பார்கள். ஒருவர் என் தோளையே பிடித்துத் திருத்தினார். அப்போது நான் எட்டு ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் புதியவர்களோடு ஆடுங்கள். இன்று உங்கள் காலை மிதிக்கும் பெண்தான் அடுத்த பிப்ரவரியில் உங்களோடு அழகாகச் சுழலப்போகிறவர்.

நீங்கள் கற்றது நேர்கோட்டுப் பாணியாக இருந்தால் இன்னொன்று. எங்கள் கூட்டத்தில் கியூபா பாணி. இருவரும் ஒருவரையொருவர் வட்டமாகச் சுற்றிவருவார்கள். ஹவானாவில் 1950களின் இறுதியில் உருவான ருவேதாவும் உண்டு. ஜோடிகள் வட்டமாக நிற்க, ஒருவர் ஸ்பானிஷில் ‘தாமே’ (கொடு) என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் துணை மாறுவார்கள். சென்னையில் இப்படி இல்லையே என்று சொல்லிக்கொண்டு சுவரோரம் நிற்காதீர்கள்.

‘வில் டு டான்ஸே?’ (ஆட வருகிறீர்களா?) என்று நார்வேஜிய மொழியில் ஒருமுறை கேளுங்கள். மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். பாட்டு முடிந்ததும் ‘தக் ஃபோர் டான்சன்’ என்று நன்றி சொல்லிக் கையை விட்டுவிடுங்கள். தொலைபேசி எண் கேட்கும் இடம் அதுவல்ல. மாற்றுச் சட்டையும் உள்ளே போடத் தனிக் காலணியும் கொண்டுபோங்கள். மொத்தமாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு பயிற்சிக்கூடம் பத்து வகுப்புக்கு என்னிடம் பணம் வாங்கிவிட்டு நான்காம் வாரமே பூட்டிவிட்டது. மாதக் கடைசியில் ரொட்டி மட்டும் தின்று சேர்த்த பணம் அது.

நான் வந்தது 2010 நவம்பரில். டிசம்பரில் இங்கே காலை பத்து மணிக்கு விடியும், இரண்டரைக்கு இருட்டிவிடும். பேச ஆள் இல்லாமல்தான் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தேன். கும்பகோணத்தில் ஆறு ஆண்டு பரதம் கற்றவள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை காலிலேயே ஊறியிருந்தது. சல்சாவிலும் எட்டுதான், ஆனால் நான்கிலும் எட்டிலும் புது அடி கிடையாது. நான் நான்கிலும் ஓங்கி மிதித்தேன். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலியிலிருந்து அகதியாக வந்த பெரியவர் ஒருவர் சிரிக்காமல் என் கையைப் பிடித்து, “நான்கில் மூச்சு விடம்மா” என்றார். வாரத்துக்கு ஒரு பாட்டு, தவறாமல் என்னோடு ஆடினார். மூன்றாம் வாரம் என் கால் நான்கில் நின்றது. கடைசிப் பஸ் போய்விட்டிருந்தது. நிடெல்வா ஆற்றுப் பாலத்தின் பனியில் ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு என்று எண்ணிக்கொண்டே அறைக்கு நடந்தேன்.