தம்பியின் கண்ணீரைக் கண்டு எரிச்சலுற்ற சகோதரருக்கு

அன்புள்ள சகோதரரே, பல ஆண்டுகளாக உபவாசத்தையும், வருமானத்தில் பத்திலொன்றைத் தேவனுக்குக் கொடுக்கும் தசமபாகத்தையும் தவறாமல் கடைப்பிடித்து வரும் உங்களுக்கு, குடியால் குடும்பத்தை அலைக்கழித்த தம்பி தாராவியிலுள்ள உங்கள் சபையில் அழுது மனந்திரும்பியபோது மகிழ்ச்சிக்குப் பதிலாக எரிச்சலே வந்தது என்றும், அன்றிலிருந்து ஜெபிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை மறைக்காமல் எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்து உவமையில், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் ஒருவனும், வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவனும் ஆலயத்தில் ஜெபிக்கிறார்கள்; ஆயக்காரனே நீதிமானாக வீடு திரும்புகிறான். தன் நற்செயல்களைச் சொல்லி ஜெபித்த பரிசேயன் பொய் சொன்னதாக இயேசு கூறவில்லை. மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாளில் மட்டுமே உபவாசத்தைக் கட்டளையிட்டிருக்க, அவன் வாரத்தில் இரண்டு நாள் உபவாசித்தான். ஆனால் தேவனிடம் கேட்டுப் பெற வேண்டியது எதுவும் அவனுக்கு இருக்கவில்லை. ஆயக்காரன் 'கிருபையாயிரும்' என்று மன்றாடும் இடத்திலுள்ள கிரேக்கச் சொல், வழக்கமாக இரக்கத்துக்கு வரும் சொல் அன்று. ரோமர் 3:25-இல் 'கிருபாதாரபலி' (பாவத்தை நிவிர்த்தி செய்யும் பலி) என்று நாம் வாசிக்கும் சொல்லின் வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. ஆகையால் அவனை நீதிமானாக்கியது அவனுடைய தாழ்மையன்று, தேவன் அருளும் பாவநிவாரணமே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதனால்தான், இனி கடுமையாக உபவாசித்துத் தாழ்மையைக் கற்றுக்கொள்ளப் போவதாக நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. அதுவும் பழைய கணக்கிலேயே இன்னொரு வரவாகிவிடும். கெட்ட குமாரனின் உவமையில், மனந்திரும்பி வீடு வந்த இளையவனுக்காக நடந்த விருந்துக்கு வராமல் கோபித்து வெளியே நின்ற மூத்தவனிடமும் தகப்பன் தானே வந்து வருந்தி அழைத்தார் என்பதை மறவாதீர்கள். எரிச்சலை எரிச்சலென்றே தேவனிடம் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பியின் அருகில் அமருங்கள்.