ஆணையரும் கண்காணிப்பாளரும்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆணையர், நாங்குநேரியில் எஸ்.பி. என்பது ஏன்? இரண்டாம் நிலைக் காவலரான என் மகன் எஸ்.ஐ. ஆக முடியுமா? – வாசகி, மேலப்பாளையம்

பதில்: அம்மா, பாளையங்கோட்டை அடங்கிய திருநெல்வேலி மாநகரம் காவல் ஆணையரின் கீழும், நாங்குநேரி, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் (எஸ்.பி.) கீழும் இயங்குகின்றன. மாநகரில் ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர், ஆய்வாளர் என்பது வரிசை. துணை ஆணையர் கண்காணிப்பாளருக்கு இணையானவர். குண்டர் தடுப்புக் காவல் ஆணையை மாநகரில் ஆணையரே பிறப்பிக்கலாம். வெளியே அது ஆட்சியரின் அதிகாரம்.

தங்கள் மகன் பணிமூப்பில் முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர், சிறப்பு சார்பு ஆய்வாளர் என உயரலாம் என்றாலும், முதல் படிக்கே 10 ஆண்டுகள் ஆகிவிடும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சார்பு ஆய்வாளர் (எஸ்.ஐ.) தேர்வில் துறையினருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பட்டம் பெற்றிருந்தால் அந்தத் தேர்வை அவர் விடவே கூடாது. இரவு ரோந்துக்கும் ஆனித் தேரோட்டப் பாதுகாப்புக்கும் இடையே படிப்பது பெரும்பாடு என்பதால், வீட்டு வேலைகளை அவர்மேல் சுமத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.