ஜப்பானிய விடுதிக்கு ஆத்தாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: மகன் ஒசாக்காவில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் என்னையும் ஆத்தாவையும் வரச்சொல்லி, ரியோகான் என்கிற பழைய பாணி விடுதியில் இரண்டு நாள் தங்கலாம் என்கிறான். தரையில்தான் படுக்கையாம், குளியலும் எல்லோரும் சேர்ந்துதானாம். ஆத்தாவுக்கு 72 வயது, முட்டிவலி, சுத்த சைவம். ஒத்துவருமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: ஒத்துவரும் ஆச்சி, ஆனால் சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கே மகனிடம் பேசிவிடுங்கள். ஹாக்கோனேயில் பெரிய ரியோகான் ஒன்றில் நான் தங்கியபோது கூட வந்த சித்தியும் சைவம். ராத்திரி வரிசையாகக் கிண்ணங்கள் வந்தன, ஒன்றில் வெறும் முள்ளங்கித் துண்டு, மேலே ஒரு பச்சை இலை, அவ்வளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டால், அது வெந்ததே மீன் சாற்றில்! தாஷி என்பார்கள். சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கட்டைபோலக் காயவைத்து, சீவி எடுத்துச் சாறு இறக்குவது. நம் மாசிக் கருவாடு இருக்கிறதே, அந்த வகைதான். மிசோ என்கிற சோயா விழுதைக் கரைத்த சூப்பிலும் அதே. சித்தி வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்தது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. இத்தனைக்கும் சைவம் என்று முன்பே சொல்லியிருந்தோம். அதனால் "மீன் சாறும் கூடாது" என்று பதிவு செய்யும்போதே தனியாக எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த இடம் வேண்டாம். ஒசாக்காவிலிருந்து கோயா மலைக்கு ரயில் போகிறது, அங்கே 50க்கும் மேற்பட்ட புத்த கோயில்களில் தங்கலாம், தாஷியைக் கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள்.

முட்டிவலிக்குப் பெரிய விடுதிதான் வசதி, லிஃப்ட் இருக்கும், கட்டில் போட்ட அறையும் பல இடங்களில் கிடைக்கும். தரை முழுக்கக் கோரை மாதிரி ஒரு புல்லில் நெய்த தத்தாமி பாய், அதன் மேல் ராத்திரி மெத்தை விரிப்பார்கள். படுக்கச் சுகம்தான், ஆத்தாவுக்கு எழுந்திருப்பதுதான் பாடு. சாப்பிடவும் நாற்காலி கேளுங்கள்.

வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், அது நமக்குப் பழக்கம்தான். நாங்கள் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஒரு அம்மா மண்டியிட்டு, சித்தியின் செருப்பை வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி, இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்தார். எங்கள் வீட்டு முகப்பில் எத்தனை விருந்தாளிகளை வரவேற்றிருக்கிறோம், இது எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் குளியல். ஆண், பெண் தனித்தனிதான், ஆனால் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். முதலில் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் போகலாம், துண்டை அதில் நனைக்கக்கூடாது. கூச்சமாக இருந்தால் ஆத்தாவை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், மணிக்கணக்கில் தனிக் குளியலறை வாடகைக்குத் தரும் விடுதிகளும் உண்டு. தண்ணீர் 40 டிகிரிக்கு மேலேயே இருக்கும், ஐந்து நிமிடம் போதும், பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஒன்று மறந்துவிட்டேன். அறையில் யுகாத்தா என்ற பருத்தி அங்கி வைத்திருப்பார்கள். இடப்பக்கத்து மடிப்பு மேலே வரும்படி கட்ட வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை. ஆத்தாவுக்கு நீங்களே கட்டிவிடுங்கள்.