டிஜிட்டல் ஓவியத்தில் பளபளப்பான பொருளை எப்படி வரைவது?

பளபளப்பு ஒரு நிறமல்ல. பொருள் தன்னைச் சுற்றியுள்ளதைத் திருப்பிக் காட்டும் விதம். சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். வழவழப்பான பரப்போ வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் திருப்பிவிடும். கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையில் ஒரு தங்கக் காப்பை உற்றுப் பாருங்கள்: கடை விளக்கு பளிச்சென்ற கீற்றாக, அதை ஒட்டியே கிட்டத்தட்ட கறுப்பு. நாம் நினைக்கும் மஞ்சள் கொஞ்சம்தான்.

ஆகவே கிரிட்டாவோ போட்டோஷாப்போ, எந்த ஓவிய மென்பொருளானாலும், ஓரம் கூர்மையான தூரிகையால் இருளையும் வெளிச்சத்தையும் அருகருகே வையுங்கள். (மென்மையான தூரிகை முதல் பூச்சுக்குச் சரி, அப்புறம் வேண்டாம்.) பொருளின் வளைவோடு கீற்றும் வளையட்டும். தங்கம், பித்தளை என்றால் கீற்றில் அதன் நிறம் கலக்கும். பிளாஸ்டிக்கில் விளக்கின் நிறமே தெரியும்.

வெள்ளைப் புள்ளிகளைக் கூட்டினால் பளபளப்பும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் இருட்டு இல்லாவிட்டால் பொருள் வெளிறித்தான் போகும்.